பாவாவுக்குத் தைத்த மஞ்சள் சட்டை

நம் காலத்து ஆட்கள் நீங்கள் நாலு பேர் சேர்ந்தால் மூட்டு வலியையும் மாத்திரையையும்தான் பேசுகிறீர்கள். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. ஒரு இடத்தில் உட்காருவது என்பது எனக்கு எந்த வயதிலும் வந்ததில்லை. இதை எழுதும்போதே இரண்டு தரம் எழுந்து போய் கடையில் வேலை செய்கிற பெண்களை ஒரு அதட்டல் போட்டுவிட்டு வந்தேன். அதட்டாவிட்டால் பட்டன் துளை கோணிக்கொள்ளும்.

மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இன்றைக்குத் திருத்தணியில் ஸ்டேஷன் ரோட்டில் போய் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், தையல்காரம்மா வீடு எது என்று. கையைக் காட்டுவார்கள். ரவிக்கை என்றால் நான், மாப்பிள்ளைச் சட்டை என்றாலும் நான். யாரிடம் கற்றீர்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: யாரிடமும் இல்லை. நான் கற்றது எப்படி என்று சொல்கிறேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

யுத்த காலம். நம் ஊர் அப்போது சித்தூர் ஜில்லா. ரயில் தண்டவாளத்தில் பட்டாள வண்டி நேரம் காலம் இல்லாமல் போகும், வரும். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் நான் எழுந்து ஓடுவேன். ஊரிலேயே யாருக்கும் கால் தரையில் நிற்காத காலம் அது. பட்டணத்தில் குண்டு விழும் என்று ஓடிவந்தவர்கள் ஒரு பக்கம், அரிசி எங்கே கிடைக்கும் என்று அலைகிறவர்கள் ஒரு பக்கம். எல்லாவற்றையும் விட மோசம் துணி. கண்ட்ரோல் கடையில் கார்டைக் காட்டினால் முழம் போட்டுக் கிழித்துக் கொடுப்பார்கள். பாதி நாள் அதுவும் இல்லை.

அந்த வருஷம் வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பாவாவுக்கு, அதாவது அக்கா புருஷனுக்கு, நகரிப் பக்கம் ஊர். நல்ல உயரம், நல்ல நிலம், பேச்சு மட்டும் குறைவு. ஆடி பிறந்ததும் வழக்கப்படி அக்காவை நம் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். ஆடி முடிந்தால் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் புதுத்துணி எடுத்துத் தட்டில் வைத்து அனுப்ப வேண்டும். ஆவணி பிறந்தது. துணி கிடைக்கவில்லை. அக்கா போகவில்லை.

நைனா, எங்கள் அப்பா, அரக்கோணம் வரைக்கும் போய் வரிசையில் நின்று பார்த்தார். வந்து முற்றத்தில் துண்டை உதறிவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொல்வார்.

“கண்ட்ரோல் தீரட்டும். மல் வேட்டி, மல் சட்டை, பொடவை எல்லாம் ஜோடிச்சி தட்டுல வெச்சிதான் அனுப்புவேன். வெறுங்கையோட என் பொண்ண அனுப்ப மாட்டேன்.”

அவருக்கு எதிரே யாரும் பேச மாட்டோம். வீம்பு பிடித்த மனுஷன் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். விஷயம் வேறு என்று என் கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் அம்மா சொன்னாள். நைனாவின் தங்கையை, என் அத்தையை, ஒரு பஞ்ச வருஷத்தில் சீர் எதுவும் இல்லாமல் அனுப்பியிருக்கிறார்கள். என்ன கொண்டுவந்தாய் என்று அந்த வீட்டு வாசற்படியிலேயே மாமியார் கேட்டாளாம். அதையே வருஷம் முழுக்கக் கேட்டாளாம். அத்தை அந்த வீட்டுக் கிணற்றில் விழுந்துவிட்டாள். நைனாதான் போய்ப் பிணத்தைத் தூக்கியது. இது தெரியாமல் நானும் அக்காவும் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

அக்கா இருப்புக் கொள்ளாமல் தவித்தாள். கறிவேப்பிலைச் செடியிலிருந்து கிணறு வரைக்கும் போவாள், திரும்பி வருவாள். குடம் நிறைந்திருக்கும்போதே தண்ணீருக்குப் போவாள். கல்யாணமாகி அவரோடு இருந்தது கொஞ்ச நாள்தான். அந்தக் கொஞ்ச நாளை எத்தனை தரம் எனக்குச் சொல்லியிருப்பாள்! அவர் ராகிக் களியை எப்படி உருட்டுவார், மாட்டை எப்படிக் கூப்பிடுவார், எல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஒரு நாள் பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தறிக்கார அம்மா ஒருத்தி வந்தாள். நூல் கிடைக்காமல் தறி நின்றுபோய், மிச்சம் இருந்த காடாத்துணித் துண்டுகளைக் கேழ்வரகுக்கு மாற்றிக்கொண்டு போனாள். அம்மா நைனாவுக்குத் தெரியாமல் ஒரு துண்டு வாங்கிப் பானைக்குள் வைத்தாள். சாயம் போடாத முரட்டுத் துணி, கஞ்சி வாடை அடிக்கும். அகலமும் பத்தாது. அதைப் பார்த்ததும் எனக்கு யோசனை வந்தது. பாவாவுக்கு ஒரு சட்டை தைத்து அனுப்பிவிட்டால்? மாமனார் வீட்டுப் புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளையே பெண்ணை அழைக்க வந்து வாசலில் நின்றால், நைனா அப்புறம் என்ன சொல்ல முடியும்? சீர் ஆகிவிட்டது, அவ்வளவுதானே?

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “உனுக்கு கோணி தைக்கத்தாண்டி தெரியும்” என்றாள்.

உண்மை. வேர்க்கடலை மூட்டைக்கு வாய் தைக்க நைனாவே என்னைத்தான் கூப்பிடுவார். கோணி ஊசியில் சணல் கோத்து நான் போடும் தையலை இரண்டு ஆள் இழுத்தாலும் பிரிக்க முடியாது. கோணி தைத்த கைக்குச் சட்டை எம்மாத்திரம் என்றேன்.

ஆனால் சட்டை எப்படி வெட்டுவது? வீட்டில் இருந்தது ஒரே சட்டை. தாலுக்கா ஆபீசுக்குப் போகும்போது மட்டும் நைனா போடுகிற ஜிப்பா. அவர் கழனிக்குப் போனதும் அதை எடுத்து ஒரு கையை மட்டும் பிரித்தேன். பிரித்துத் தரையில் விரித்தால் விஷயம் தெளிவாகப் புரிந்துவிட்டது. உடம்புக்கு நீளத் துண்டு, கைக்கு இரண்டு துண்டு, கழுத்துக்கு ஒரு பட்டி. கக்கத்தில் மட்டும் சதுரமாக ஒரு சின்னத் துண்டு இருந்தது. கிழிந்த இடத்தில் போட்ட ஒட்டு என்று நினைத்துக்கொண்டேன். நம்மிடம்தான் துணி பத்தாதே, பாவா சட்டைக்கு ஒட்டு எதற்கு?

ஜிப்பாவைத் திரும்பத் தைக்கும்போது அதன் கை முறுக்கிக்கொண்டது. எனக்கு அது தெரியவில்லை. அடுத்த தரம் நைனா அதைப் போட்டுக்கொண்டு தாலுக்கா ஆபீஸ் போய்விட்டு வந்து, வலது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கையைத் தூக்கினால் பின்னாலிருந்து யாரோ இழுக்கிற மாதிரி இருக்கிறதாம். வாதம் வந்துவிட்டது என்று முடிவு செய்தார். அம்மா நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தாள். சட்டையைக் கழற்றிவிட்டு ஒத்தடம் கொடுத்ததால் வலி உடனே போய்விட்டது. நொச்சிக்கு அப்படி ஒரு மகிமை என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

அளவு எடுப்பதுதான் அடுத்த சங்கடம். ஆள் நகரியில் இருக்கிறார். உயரம் தெரியும், அக்காவின் நெற்றி அவர் தோளில் இடிக்கும். சுற்றளவு? அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு மாட்டுக்கொட்டகைக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தாள். “ஒல்லியா கீது” என்றாள். நான் கம்பத்தைச் சுற்றி வைக்கோலை வைத்துக் கட்டினேன். மறுபடியும் கட்டிப்பிடித்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் வை என்றாள். வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தை அந்த வைக்கோலில் வைத்தாள்.

“ஆங். இப்ப சரி.”

நான் கயிற்றால் அளந்துகொண்டேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்கு இஞ்சி டேப்பில் அளவெடுத்திருக்கிறேன். அந்த வைக்கோல் அளவு மாதிரி கச்சிதமாக எதுவும் அமைந்ததில்லை.

விளக்கு வைத்தபிறகு ஊசியைத் தொடக்கூடாது, ஊசி என்று வாயால் சொல்லவும் கூடாது என்பாள் அம்மா. எனவே பகலில்தான் தைக்க வேண்டும். நைனா இல்லாத பகலில். புது ஊசி எங்கேயும் கிடைக்கவில்லை. இருந்த ஒன்றும் துருப்பிடித்தது. நாலு தையலுக்கு ஒரு தரம் தலைமுடியில் தேய்த்து எண்ணெய் ஏற்றித் தைப்பேன். நூல் வேண்டுமே, அந்தத் துணியின் ஓரத்திலிருந்தே இழை இழையாக உருவி, தேன்மெழுகில் இழுத்து முறுக்கிக்கொண்டேன். கொட்டகையில் சாணி வாடை, ஈ, மாட்டின் வால் வீச்சு. நாலு தையல் போட்டால் கால் அரிக்கும், எழுந்து ஓடுவேன். ரயில் கூவினால் ஓடுவேன். மலைக்குப் போகிறவர்கள் மேளம் அடித்தால் ஓடுவேன். திரும்பி வந்தால் அக்கா அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், தைக்க மாட்டாள், தடவிக்கொண்டிருப்பாள். “ஓடாதடி, சீக்கிரம் முடிடி” என்பாள்.

ஆவணிக் கடைசியில் முடித்தேன். தையல் எல்லாம் கோணித் தையல், கெட்டி. ஆனால் சட்டை முழுக்கப் புள்ளி புள்ளியாக ரத்தம். விரலில் குத்திக்கொள்ளாத நாளே இல்லை. முரட்டுத் துணி, துவைத்தும் போகவில்லை. ரத்தக்கறையோடு புதுச்சட்டை அனுப்பலாமா? நகரியிலிருந்து தினம் விடியலில் மலைக்குப் பூ கொண்டுவரும் பூவண்டிக்காரர் ஒருவர் உண்டு. அவர் உச்சி வேளைக்குத் திரும்பிவிடுவார். அவரிடம்தான் சட்டையைக் கொடுத்தனுப்ப ஏற்பாடு. அக்காவைக் கேட்கலாம் என்றால் அவள் அன்று வீட்டுக்குத் தூரம். மூன்று நாளைக்குப் பின்கட்டில்தான் இருப்பாள், கிட்டே போனால் எனக்கும் தீட்டு, அப்புறம் நான் புதுச்சட்டையைத் தொட முடியாது. அம்மா கழனியில்.

நான் யோசித்தேன். புதுத்துணி என்றால் மூலையில் துளி மஞ்சள் தடவித்தானே கொடுப்பார்கள்? துளி தடவினாலே மங்களம் என்றால், முழுவதும் தடவினால் எவ்வளவு மங்களம்! அம்மியில் மஞ்சளை அரைத்துக் கரைத்து, சட்டையை முக்கி எடுத்து, வெயிலில் போட்டேன். ரத்தப் புள்ளி மங்கிவிட்டது. காய்ந்ததும் தகதகவென்று இருந்தது. வாழைச்சருகில் சுற்றி வண்டிக்காரரிடம் கொடுத்தேன்.

இந்த ஊரில் பிறந்த எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள். கிருத்திகைக்குக் கிருத்திகை மலையடிவாரம் முழுக்க மஞ்சள்தான். பார்த்துப் பார்த்து அது எனக்குத் திருவிழா நிறம் ஆகிவிட்டது. மஞ்சள் உடுத்தினால் முருகனுக்கு விரதம் என்று அர்த்தம். விரதம் என்றால் ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, பெண்டாட்டி பக்கம் போகக்கூடாது. இதெல்லாம் ஒரு சின்னப் பெண் தலையில் எங்கே ஏறும்?

சட்டை போனது. பாவா வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். அக்கா வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையை வாரிக்கொண்டாள். கடைசியில் பூவண்டிக்காரரே வண்டியை நம் வாசலில் நிறுத்திச் சிரித்தார்.

“இன்னா பாப்பா, உங்க பாவா சாமியாரா பூட்டாரு போல கீதே. மஞ்ச சட்ட போட்டுகினு மாந்தோப்புல தனியா படுத்துகினு கீறாரு. பொண்ண எப்பய்யா கூட்டாற போறன்னு கேட்டா, மாமனாரு வூட்ல எம்பேர்ல வேண்டிகினு கீறாங்க, காவடி எட்த்து முடிச்சாதான் ஆவும்ன்றாரு.”

மாப்பிள்ளைக்கு ஏதோ கண்டம் என்று பெண் வீட்டார் ஜாதகத்தில் பார்த்திருக்கிறார்கள், அதனால்தான் பெண்ணை அனுப்பாமல் விரதச் சட்டையை அனுப்பியிருக்கிறார்கள் என்று அந்த வீட்டில் பேசிக்கொண்டார்களாம். கேட்டால் நம் மனம் சங்கடப்படும் என்று யாரும் கேட்கவில்லையாம். புரட்டாசிக் கிருத்திகைக்குக் காவடி.

அக்கா உள்ளே வந்து என் கையைப் பிடித்தாள். “இன்னாடி பண்ண அந்த சட்டய?”

சொன்னேன். முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் அந்தச் சிரிப்பே அழுகையாக மாறியது. அன்றிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அடித்திருந்தால் தேவலை. பேசாத அக்காவோடு ஒரே பாயில் படுத்திருப்பது எனக்கு முள்ளில் படுத்த மாதிரி.

நைனாவுக்கோ தலைகால் புரியவில்லை. சட்டை எங்கிருந்து போனது என்பது அவருக்குத் தெரியாது. தானாக விரதம் எடுத்திருக்கும் மாப்பிள்ளை என்று எண்ணிக்கொண்டார். என் மாப்பிள்ளை மாதிரி பக்திமான் இந்த ஜில்லாவில் உண்டா என்று டீக்கடையிலும் மாட்டுத் தரகரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அம்மா மட்டும் என்னைப் பார்ப்பாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தோள் குலுங்கும்.

புரட்டாசிக் கிருத்திகை அன்று எல்லோரும் மலையடிவாரத்துப் பொய்கைக் கரையில் காத்திருந்தோம். சந்தனமும் கற்பூரமும் ஈரத்துணியும் கலந்த வாடை. மொட்டைத் தலைகள், மேளம், தெலுங்கிலும் தமிழிலும் அரோகரா. பாவா நடந்தே வந்தார், பூவண்டிக்காரர் பின்னால் காவடியோடு வண்டியில். காவடி எடுப்பவர்கள் சட்டை போடுவதில்லை. இவர் மாமனார் வீட்டு மரியாதை என்று போட்டுக்கொண்டே வந்திருந்தார். உடம்பு கச்சிதம், தைத்த மாதிரியே இல்லை, ஊற்றிவைத்த மாதிரி. ஆனால் இரண்டு கையும் பக்கவாட்டில் விறைப்பாகப் பொம்மைக் கை மாதிரி நின்றன. கக்கத்தில் அந்தச் சதுரத் துண்டு இல்லாவிட்டால் கை எழாது. அதை அந்த நிமிஷம்தான் கற்றுக்கொண்டேன்.

பக்கத்தில் நின்ற பெண்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். “பாரு, அருள் வந்து கை வெறச்சி பூட்ச்சி” என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி ஓடிவந்து நெற்றியில் விபூதி அப்பினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து காலில் போட்டார்கள். பாவா குழந்தையைத் தூக்கக் கை எழாமல் நின்றார். என்னைப் பார்த்ததும் மெதுவாகக் கேட்டார்.

“கொழந்த, இத்த யாரு தெச்சது?”

“நாந்தான் பாவா.”

அவர் என் விரல்களைப் பார்த்தார். குத்துப்பட்ட தழும்பு அப்போதும் ஆறவில்லை. “நல்லா கெட்டியா கீது” என்றார். அக்கா பக்கம் திரும்பவே இல்லை. விரதம் அல்லவா. அக்கா அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காவடியைத் தோளில் வைக்க வேண்டுமே, கை எழவில்லை. நைனாவும் வண்டிக்காரரும் இரண்டு பக்கமும் பிடித்துச் சட்டையை உரிக்கப் பார்த்தார்கள். என் தையல் விடவில்லை, துணிதான் கிழிந்தது. பிறகு அவர் காவடியோடு படியேறினார். நாங்கள் பின்னால் ஏறினோம். மேலே எல்லாம் முடிந்து, இறங்கி வந்து பொய்கையில் முழுகி, அவர் ஈர வேட்டியோடு கரையேறினார். விரதம் முடிந்தது.

நைனா சந்தோஷமாகச் சொன்னார். “வூட்டுக்கு வந்து சாப்ட்டு போங்க மாப்ள. ஐப்பசிக்குள்ள துணி வந்துடும். பொண்ண அப்ப அனுப்பி வெக்கறேன்.”

பாவா தலையைத் துவட்டுவதை நிறுத்தினார். “துணி யாரு கேட்டா மாமா? எனுக்கு ஏதோ கண்டம்னு உங்களுக்கு பொண்ண அனுப்ப மனசு இல்ல, அதான் என்ன வெரதத்துல வெச்சிட்டீங்கன்னு இல்ல நாங்க நெனச்சிகினு இருந்தோம்.”

நைனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கையிலிருந்த கிழிந்த மஞ்சள் சட்டையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடி விழும் என்று நான் இரண்டு படி பின்னால் போய்விட்டேன். ஆனால் அவர் பார்வை அக்காவிடம் போய் நின்றது. அவள் அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்திருந்தாள்.

“நீ அனுப்ப வேணா நைனா. நானே போறேன்.”

“வெறுங்கையோடயா?” அவர் குரல் நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறது என்று நினைத்தேன்.

“ஆங்” என்றாள் அக்கா.

அப்படியே நடந்துவிட்டாள். மாற்றுப் புடவை இல்லை, மூட்டை இல்லை, வெற்றிலை பாக்கு கூட இல்லை. பாவா ஒரு நிமிஷம் தயங்கி நைனாவைக் கும்பிட்டுவிட்டு அவள் பின்னால் போனார். நகரி ரோட்டில் வண்டிகளுக்கும் மொட்டைத் தலைகளுக்கும் நடுவில் இரண்டு பேரும் மறைகிற வரைக்கும் நான் எட்டி எட்டிப் பார்த்தேன். திரும்பிப் பார்த்தால் நைனாவைக் காணவில்லை.

அன்று இரவு அவர் வீட்டுக்கு வரவில்லை. அம்மா வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். நானும் அவள் பின்னாலேயே நடந்தேன். நைனா கரையில் போட்டுவிட்டுப் போன கிழிந்த சட்டை என்னிடம் இருந்தது. பொழுது விடிந்ததும் ஊசியை எடுத்து அதன் கக்கத்தைப் பிரித்து, சதுரமாக ஒரு துண்டு வைத்துப் பார்த்தேன். கை எழுந்தது. நான் தையல்காரி ஆனது அன்றைக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் போட்டது தப்பு என்றும் நான் ஒத்துக்கொள்வதில்லை. மஞ்சள் போடாவிட்டால் அந்த மனுஷன் வந்திருக்கவே மாட்டார். கண்ட்ரோல் தீரும்வரை அக்கா கொட்டகையில் வைக்கோலைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பாள்.

மறுநாள் உச்சி வெயிலில் நைனா வந்தார். கால் முழுக்கப் புழுதி. அவ்வளவு தூரமும் அவர்களுக்குத் தெரியாமல் பின்னாலேயே நடந்து போயிருக்கிறார். அந்த வீட்டுக்கு எதிரில் ஒரு புளியமரத்தின் பின்னால் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போகாமல் அப்படியே திரும்பியிருக்கிறார். அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார்.

“சம்மந்தியம்மா வாசல்லியே நின்னுகினு இருந்தா” என்றார். “கைய புட்ச்சி உள்ள கூட்டிகினு பூட்டா. இன்னா கொண்டாந்தன்னு ஒரு வார்த்த கேக்கல.”